சோப்புக்கு எதற்கு உணவு உரிமம்?

கேள்வி: பங்குனி வெயில் தொடங்கியதும் வேப்பிலை சோப்பும் நலங்கு மாவும் வீட்டிலேயே செய்து, எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் விற்கிறேன். உரிமம் வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்தினார். 12,000 ரூபாய் கொடுத்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் உத்யம் சான்றிதழும் வாங்கித் தருகிறேன், அது போதும் என்கிறார் ஓர் ஏஜென்ட். கொடுக்கலாமா? - ஒரு வாசகி, கோவை

கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதன் எண் உணவுக்கானது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு எது என்று சொல்லும் இடத்திலேயே அழகுசாதனப் பொருள் அதில் சேராது என்று எழுதிவைத்திருக்கிறது. ஆனாலும் கண்காட்சிக்குக் கண்காட்சி பார்க்கிறேன்: சோப்பு உறையின் முன்பக்கம் குப்பைமேனி இலைப் படம், பின்பக்கம் தடித்த எழுத்தில் 14 இலக்க உணவு எண். கேட்டால், "ஏஜென்ட் சார் போடச் சொன்னார்." சாப்பிடவா போகிறார்கள்? உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வைத்துக்கொண்டு நீங்களே முடித்துவிடலாம். ஆனால் அது சிறுதொழில் என்பதற்கான பதிவு மட்டுமே, சோப்பு செய்ய அனுமதி அல்ல.

விற்பதற்காகக் குளியல் சோப்போ பூசுமாவோ செய்தால், அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-இன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தயாரிப்பு உரிமம் வேண்டும். "நான் கடையில் ரெடிமேட் சோப்பு பேஸ் வாங்கி உருக்கி அச்சில்தானே ஊற்றுகிறேன்" என்று தப்பிக்க முடியாது. விற்பனைக்காகப் பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டுவதைக்கூடச் சட்டம் தயாரிப்பு என்றுதான் சொல்கிறது. விண்ணப்பப் படிவத்தின் பெயர் சிஓஎஸ்-5. தனி இடம் கேட்பார்கள், தகுதியுள்ள ஆள் கேட்பார்கள். மாதம் 40 கட்டி ஊற்றும் உங்களுக்கும் டன் கணக்கில் கொட்டும் ஆலைக்கும் அதே படிவம்தான். இதை யோசித்து எழுதியவர்கள் ஒரு நாளாவது வீட்டில் சோப்பு காய்ச்சிப் பார்த்திருக்கலாம்.

உங்களுக்கு எளிய வழி: ஏற்கெனவே உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் உங்கள் பக்குவத்தைச் சொல்லிச் செய்து வாங்கி விற்பது. அழகுசாதனப் பொருளைச் சில்லறையாக விற்க மட்டும் தனி உரிமம் தேவையில்லை. தயாரிப்பாளரின் பெயரும் உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். எண்ணை நம்பிவிடாமல் உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் பொருள் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், நலங்கு மாவு விஷயத்தில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "பயறும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்தது" என்று எழுதலாம். "தோலைச் சுத்தமாக்கும்" என்றும் எழுதலாம். "வேர்க்குரு, படை தீரும்" என்று எழுதிய நிமிடமே அது மருந்தாகிவிடும். சித்த, ஆயுர்வேத மருந்துக்கு உரிமமே வேறு, படிவம் 25-டி. அட்டையில் எழுதாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் சரி என்று நினைக்காதீர்கள், அதுவும் விளம்பரம்தான். "எங்கள் பாட்டி காலத்திலிருந்து" என்பதும் அங்கே எடுபடாது.

உரிமமோ உரிமமுள்ள தயாரிப்பாளரோ கிடைக்கும்வரை விற்பனையை நிறுத்திவையுங்கள். வீட்டுக்கு மட்டும் செய்துகொள்ள யாரும் உரிமம் கேட்க மாட்டார்கள்.