துருவப் பயணங்களின் பழைய புகைப்படங்களை உலோகத் தகட்டில் அச்சிட்டுச் சுவரில் மாட்டலாமா?

ஷாக்கிள்டன் தலைமையிலான அண்டார்டிகா பயணத்தின் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி எடுத்த, அந்தப் பயணக் கப்பலான ‘எண்டூரன்ஸின்’ இரவுப் படத்தையோ அதுபோன்ற வேறொரு துருவப் படத்தையோ அலுமினியத் தகட்டில் பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்ட விரும்புகிறீர்கள். உலோகம் இவற்றுக்குப் பொருந்துமா, எந்த மேற்பரப்பைத் தேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தும் என்பதே என் பதில். ஆனால் தகட்டின் அடித்தளம் வெள்ளையாகவும் மேற்பரப்பு பளபளப்பில்லாத மேட் வகையாகவும் இருக்க வேண்டும். படமும் பெரிய கண்ணாடி நெகட்டிவிலிருந்து வந்ததாக இருந்தால் நல்லது. இவற்றுள் முதலாவதே மிக முக்கியம். துருவப் படங்களில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி வெள்ளையில்தான் இருக்கிறது.

அச்சு நடக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். படத்தை முதலில் ஒரு தாளில் சாய மையால் அச்சிட்டு, பாலிமர் பூச்சு உள்ள மெல்லிய அலுமினியத் தகட்டின் மேல் கவிழ்த்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் சாயமே விழாமல் அடித்தளம் அப்படியே தெரியும். வெள்ளைப் பூச்சுள்ள தகட்டில் பனி பனியாகத் தெரியும். ‘கிளியர்’ அல்லது ‘சில்வர்’ என்று விற்கப்படும் தகட்டில் வெறும் அலுமினியம் தெரியும் என்பதால், பனிவெளி முழுவதும் சாம்பல் பூத்த உலோகமாகிவிடும்.

தென்துருவம் நோக்கிச் சென்ற ஸ்காட் குழுவின் புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பான்டிங், 1911 ஜனவரி 5 அன்று ஒரு பனிப்பாறைக் குகைக்குள்ளிருந்து எடுத்த படம் இதற்கு நல்ல சோதனை. குகைவாயில் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு அப்பால், வெகு தொலைவில், ஸ்காட்டின் பயணக் கப்பலான ‘டெரா நோவா’ தெரிகிறது. குகையின் உட்புறத்திலிருந்து விளிம்பு வரை கரும்பழுப்பு, இளஞ்சாம்பல், வெண்மை என்று பல படிகள் இருக்கின்றன. வெளியே உள்ள வானம் இன்னொரு வெண்மை. என் வீட்டு நடையில் இந்தப் படம் வெள்ளை அடித்தள மேட் தகட்டில் இருக்கிறது. அருகில் போய் நின்றால் விளிம்பில் படிந்த பனியின் வரிகளைத் தனித்தனியாகப் பின்தொடர முடிகிறது. பளபளப்பான கிளாஸி தகட்டில் கருமை இன்னும் ஆழமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருமையிலேயே எதிர்ச் சன்னலும் அறையில் இருப்பவர்களின் முகமும் பிரதிபலிக்கும். இத்தனை இருண்ட பகுதிகள் உள்ள படத்துக்கு அந்தப் பளபளப்பு வேண்டாம் என்பதே என் கருத்து.

நீங்கள் குறிப்பிட்ட ஹர்லி படம் மட்டும் விதிவிலக்கு. 1915 ஆகஸ்ட் 27 அன்று, துருவ இருட்டில், பனிமேடுகளின் மறைவில் சுமார் இருபது ஃபிளாஷ்களை வைத்துக் கொளுத்தி, உறைபனி படிந்த கப்பலை அவர் படமாக்கினார். வானம் முழுக்கக் கறுப்பு. வெளிச்சம் பாய்மரங்களிலும் கயிறுகளிலும்தான் இருக்கிறது. வெள்ளை குறைவாக, கூர்மையாக இருப்பதால் சில்வர் தகட்டில் அந்தக் கயிறுகள் அழகாக மின்னும். அந்த நெகட்டிவுகள் பிழைத்த கதையையும் நினைத்துப் பாருங்கள். பனியில் நசுங்கி மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் இறங்கி, உறைநீரில் முழுகி, ஈயம் வைத்து மூடிய பெட்டிகளை ஹர்லி வெளியே எடுத்தார். பிறகு அவரும் ஷாக்கிள்டனும் பனியில் உட்கார்ந்து சுமார் 120 கண்ணாடி நெகட்டிவுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மீண்டும் தேட மனம் வராதபடி மற்ற 400 போல உடைத்துப் போட்டார்கள். கேமராக்களையும் விட்டுவிட்டு, ஒரு சிறிய பாக்கெட் கோடாக்கையும் மூன்று ஃபிலிம் சுருள்களையும் மட்டுமே உடன் வைத்துக்கொண்டார்.

அச்சின் அளவைத் தீர்மானிப்பதும் படம் எந்த நெகட்டிவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததுதான். கண்ணாடி நெகட்டிவிலிருந்து வந்த படம் மூன்றடி அகலத்துக்கும் தாங்கும். கப்பலை இழந்த குழுவினர் பின்னர் ஒதுங்கிய எலிஃபன்ட் தீவில் அந்தப் பாக்கெட் கேமராவால் எடுத்தவை அப்படிப் பெருக்கினால் கரைந்துவிடும். 1912 ஜனவரியில் தென்துருவத்தில் ஸ்காட் குழுவினர் ஐவரும் நிற்கும் படம், அவர்களுள் ஒருவரான பவர்ஸ் கேமராவில் கட்டிய நூலை இழுத்து எடுத்தது, அவர்கள் இறந்து பல மாதங்களுக்குப் பின் கூடாரத்தில் கிடைத்த ஃபிலிமிலிருந்து வந்தது. அதைப் பெரிதாக்கவே கூடாது. ஓரடிக்குள், காகிதத்தில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் வைப்பதுதான் பொருத்தம். விற்பனைக்கு வரும் தலைப்புகளையும் சரிபாருங்கள். ஹர்லியின் ‘மீட்பு’ என்று பரவலாக விற்கப்படும் படம், உண்மையில் 1916 ஏப்ரல் 24 அன்று ‘ஜேம்ஸ் கேர்ட்’ படகு உதவி தேடிப் புறப்பட்ட காட்சியை மாற்றியமைத்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது இவற்றைவிடப் பழையது. 1897 ஜூலையில், வடதுருவத்தை நோக்கிப் பறந்த ஸ்வீடன்காரர் ஆந்த்ரேயின் ‘ஓர்னென்’ பலூன் வடதுருவப் பனியில் இறங்கிவிட்டது. சாய்ந்து கிடக்கும் பலூனையும் அதன் முன்னே சிறிதாக நிற்கும் இரண்டு தோழர்களையும் குழுவின் மூன்றாமவரான நில்ஸ் ஸ்டிரின்ட்பெரி படமெடுத்தார். மூவரும் திரும்பவில்லை. 1930-இல் குவிட்டோயா தீவில் அவர்களின் எச்சங்களோடு ஃபிலிமும் கிடைத்தது. 33 ஆண்டுகள் பனியில் கிடந்ததிலிருந்து 93 படங்களைக் கழுவி எடுக்க முடிந்தது. படமெங்கும் ஈரக்கறையும் கீறலும் உண்டு. வெள்ளை மேட் தகட்டில் பனியின் சாம்பல் வேறு, கறையின் சாம்பல் வேறு என்று கண் பிரித்தறிகிறது. அச்சிடும் லேப்களில் கேட்காமலே இத்தகைய கறைகளைத் துடைத்து, கான்ட்ராஸ்டை ஏற்றிவிடுவார்கள். எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

ஃபைலை நூலகத்திலிருந்தே எடுங்கள். சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் ஹர்லியின் படங்கள் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. 24 அங்குல அகலத்துக்கு ஏறத்தாழ 5000 பிக்சல் அகலம் போதும். கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பலை இந்த அச்சு முறையில் பல வண்ணச் சாயங்களைக் கலந்துதான் உண்டாக்குகிறார்கள் என்பதால், லேசான பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப் பார்க்கலாம். ஆகவே முதலில் கையளவு துண்டு ஒன்றை அச்சிட்டு வாங்கி, உங்கள் வீட்டு விளக்கொளியிலும் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். உலோகம் ஈரக்காற்றில் காகிதம்போல் சுருளாது, பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. ஆனால் நேர் வெயிலில் சாயம் வெளுத்துவிடும் என்பதால், மேற்குச் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம்.