டோக்கன் திரைக்கு வெப்சாக்கெட் தேவையா?

கேள்வி: 12 டாக்டர்கள் பார்க்கும் ஒரு கிளினிக்குக்கு டோக்கன் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புரோகிராம் பிஎச்பியில், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். காத்திருப்பவர்கள் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போனிலேயே எண்ணைப் பார்க்கலாம். பக்கம் 2 நொடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கிறது. மாலையில் 200 போன் சேர்ந்ததும் சர்வர் திணறுகிறது. வெப்சாக்கெட்டுக்கு (பிரவுசரும் சர்வரும் இரு பக்கமும் பேசிக்கொள்ளத் திறந்தே இருக்கும் இணைப்பு) மாறச் சொல்கிறார் நண்பர். மாறட்டுமா?

பதில்: வேண்டாம். உங்களுடையது ஒருவழிப் பாதை. டாக்டர் ‘அடுத்தவர்’ பட்டனை அமுக்குவது சர்வருக்குத் தகவல் அனுப்பும் சாதாரண போஸ்ட் கோரிக்கை. அதன் விளைவு எல்லாப் போனுக்கும் போய்ச்சேர வேண்டும், அவ்வளவுதான். போன்கள் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. சாட், விளையாட்டு, பலர் சேர்ந்து ஒரே கோப்பைத் திருத்துவது என்று இரு பக்கமும் ஓயாமல் பேசும் இடத்தில்தான் வெப்சாக்கெட்டுக்கு வேலை.

முதலில் ஒரு கணக்கு. 200 போன் 2 நொடிக்கு ஒருமுறை கேட்டால் நொடிக்கு 100 கோரிக்கை. ஒரு நோயாளிக்கு 3 நிமிடம் என்று வைத்தால், தன் டாக்டரின் எண் மாறுவதற்குள் ஒரு போன் 90 தடவை கேட்டுவிடுகிறது. அந்த ஒவ்வொரு தடவையும் பிஎச்பி எழுந்து டேட்டாபேஸின் கதவைத் தட்டுகிறது.

இதற்கு இன்றிரவே ஒரு கைவைத்தியம் உண்டு. டாக்டர் பட்டனை அமுக்கும்போது 12 எண்களையும் ஒரு ஜேசான் கோப்பில் (எளிய டெக்ஸ்ட் கோப்புதான்) எழுதிவிடுங்கள். போன்கள் அந்தக் கோப்பையே கேட்கட்டும். என்ஜின்எக்ஸ் நேரடியாகக் கொடுத்துவிடும், பிஎச்பி எழவே வேண்டாம். கோப்பை வேறு பெயரில் எழுதி முடித்து, பிறகு பெயர் மாற்றுங்கள். இல்லையென்றால் பாதி எழுதிய கோப்பு யாராவது ஒருவருக்குப் போய்விடும். இடைவெளியையும் 5 நொடியாக்குங்கள். பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் பல கிளினிக்குகளுக்கு இதுவே போதும்.

எண் மாறிய நொடியே தெரிய வேண்டும் என்றால் சர்வர்-சென்ட் ஈவன்ட்ஸ், சுருக்கமாக எஸ்எஸ்இ. பிரவுசர் வழக்கமான எச்டிடிபி கோரிக்கை ஒன்றை அனுப்பும். சர்வர் பதிலை முடிக்காமல் எழுதிக்கொண்டே இருக்கும். பதிலின் வகையைச் சொல்லும் கன்டென்ட் டைப் ‘டெக்ஸ்ட்/ஈவன்ட்-ஸ்ட்ரீம்’. ஒவ்வொரு செய்தியும் ‘டேட்டா’ என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, விஷயம், அப்புறம் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரியை மறந்தால் பிழை எதுவும் வராது. பிரவுசர் செய்தி இன்னும் முடியவில்லை என்று சும்மா காத்திருக்கும். பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் ஈவன்ட்சோர்ஸ் என்ற ஒரே ஆப்ஜெக்ட் போதும். சிக்னல் அறுந்தால் சில நொடியில் அதுவே மறுபடி இணைத்துக்கொள்ளும்.

சிக்கல் நடுவழியில்தான். முடியாமல் ஓடும் இந்தப் பதிலை, அதாவது ஓடையை, பிஎச்பியிலேயே எழுதினால், திறந்திருக்கும் ஒவ்வொரு போனும் பிஎச்பி கோரிக்கைகளைக் கவனிக்கும் புரோசஸ்களில் ஒன்றை, அதாவது ஒரு எஃப்பிஎம் வொர்க்கரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் தொடாத நிறுவலில் வொர்க்கர் எண்ணிக்கை பெரும்பாலும் 5. ஐந்து பேர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரிசப்ஷனில் லாகின் பக்கம்கூடத் திறக்காது! ஓடைக்கு மட்டும் நோட் ஜேஎஸ்ஸிலோ கோ மொழியிலோ ஒரு சிறு புரோகிராம் வையுங்கள். பிஎச்பி எண்ணை ரெடிஸில் (புரோகிராம்களுக்கிடையே செய்தி கடத்தவும் உதவும் நினைவக டேட்டாபேஸ்) பப்ளிஷ் செய்யட்டும். அந்தப் புரோகிராம் அதைக் கேட்டு எல்லோருக்கும் அனுப்பட்டும். ஒரு நோட் புரோசஸுக்கு 200 இணைப்பு ஒரு சுமையே இல்லை.

அடுத்தது என்ஜின்எக்ஸ். என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது, சர்வரில் ஏற்றியதும் ஊமையாகிவிட்டது. அரை நாள் ஜாவாஸ்கிரிப்டையே குடைந்துகொண்டிருந்தேன். செய்தி துளித்துளியாக வந்தாலும் என்ஜின்எக்ஸ் அதைத் தன் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) சேர்த்துவைத்து, நிறைந்த பிறகுதான் விடும். ‘47’ என்ற எண் எத்தனை முறை போனால் 4 கேபி நிறையும்? அந்தப் பாதைக்கு மட்டும் பிராக்ஸி பஃபரிங்கை ஆஃப் செய்யுங்கள். அதோடு 60 நொடி எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடுவதும் அதன் இயல்பு. 15 நொடிக்கு ஒருமுறை முக்காற்புள்ளி மட்டும் உள்ள ஒரு வரியையும் பின்னால் ஒரு வெற்று வரியையும் அனுப்புங்கள். பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது, இணைப்பு உயிரோடிருக்கும். சோதிக்க பிரவுசர் வேண்டாம். டெர்மினலில் இருந்தே சர்வரைக் கேட்க உதவும் கர்ல் கட்டளையில் மைனஸ் போட்டு பெரிய எழுத்து ‘என்’ சேர்த்து ஓட்டுங்கள். வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றனவா, கொத்தாக வருகின்றனவா என்று கண்ணாலேயே தெரியும்.

‘எண் ஒன்று கூடியது’ என்று அனுப்பாதீர்கள். ‘3ஆம் அறை, 47’ என்று முழு நிலையை அனுப்புங்கள். புதிதாக இணைந்த உடனும் 12 அறைகளின் எண்ணையும் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். போன் பையில் தூங்கி எழுந்தால் நடுவில் தவறியதைப் பற்றிக் கவலையே இல்லை. விட்ட செய்திகளைத் தேடிக் கொடுக்க ‘லாஸ்ட்-ஈவன்ட்-ஐடி’ என்ற வசதி உண்டு, உங்களுக்கு அது தேவைப்படாது.

ரிசப்ஷன் கணினியில் ஒரு சங்கடம் வரலாம். எச்டிடிபி 1.1-இல் பிரவுசர் ஒரு தளத்துக்கு 6 இணைப்புதான் வைத்துக்கொள்ளும். ஏழாவது டேப் சுற்றிக்கொண்டே நிற்கும். எச்டிடிபி 2-ஐ இயக்கினால் தீர்ந்தது, ஆனால் பிரவுசர்கள் அதை எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே பேசும்.

இன்னொன்று: இந்தப் பக்கத்துக்கு லாகின் இல்லை, கியூஆர் கோடு சுவரில் ஒட்டியிருக்கிறது. நோயாளியின் பெயரை ஓடையில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.