அப்பாவுக்கு வேலை போனதை மகளிடம் மறைக்கலாமா?

மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள். "அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை தேடுகிறார். இது உன்னால் நடந்ததில்லை." எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். கடன் கணக்கெல்லாம் அவளுக்கு எதற்கு?

இரவானால் வயிறு வலிக்கிறது என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதை அவள் கவனித்திருக்கக்கூடும். பாதி காதில் விழுந்தால் மீதியைப் பிள்ளைகள் தாங்களாகவே நிரப்பிக்கொள்வார்கள், அதுவும் உள்ளதைவிட மோசமாக. தன் மேல்தான் தப்பு என்றுகூட நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். "வீட்டில் என்ன நடக்குதுன்னு நினைக்கிறே?" என்று முதலில் அவளிடமே கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள் (இதுதான் கஷ்டம்). எதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். பகலில், துணி மடித்துக்கொண்டே கேட்கலாம்.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "இப்போ தெரியலை, தெரிஞ்சதும் சொல்றேன்" என்பதே மேல். அப்புறம், சாப்பாடும் தூக்கமும் வழக்கமான நேரத்திலேயே நடக்கட்டும்.

ஆனால் வயிற்றுவலிக்கு மனசுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, வலியால் தூக்கம் கலைவது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் இரண்டு வாரம் நீடித்தாலும் அப்படியே.