அவள் கை சொல்லாமல் விட்ட வாக்கியம்

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மேற்படிப்பு பற்றி ஆலோசனை சொல்ல நான் சனிக்கிழமை காலை உட்காரும் மண்டபத்தில் நாற்காலி போதாது. அன்று கடைசியாக வந்தது நான்கு பேர் கொண்ட குடும்பம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. மகள் ஆறு ஏ எடுத்திருக்கிறாள். மூத்த மகனுக்கு 22 வயது, ஈப்போவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டது.

எதற்காக வந்திருக்கிறோம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தங்கச்சிதான் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் பேசுவதையெல்லாம் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கிள்ளான்ல இருக்கிற என் தம்பி, பொண்ண டாக்டருக்குப் படிக்க வைங்கன்னு நிக்கிறான் சார். அவன் மச்சான் பிள்ளை இந்தோனேசியாவுல படிக்கிறானாம். வீட்ட வச்சாவது பணம் கட்டிடலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா. பிறகு மகன் பக்கம் தலையை ஆட்டினார். "இவன வச்சு எங்களுக்கு ஒண்ணும் ஆகல. இவளாவது டாக்டரானா, நாங்க போன பிறகு இவனையும் பாத்துக்குவா இல்ல?"

அதுவரை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் கை நின்றுவிட்டது. அண்ணன் அவள் முழங்கையைத் தட்டி என்ன என்று கேட்டான். அவள் சட்டென்று ஏதோ காட்டினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப என்னம்மா சொன்னே?"

"மழை வரும்போல இருக்குன்னு சொன்னேன் சார்."

வழக்கமாக இந்த இடத்தில் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வேன். அன்று மனம் வரவில்லை. நேராகப் பணத்துக்குப் போனேன்.

தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் லட்சக்கணக்கான ரிங்கிட். அரசாங்க உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். தருவது கடன், தானம் இல்லை. அது முழுச் செலவுக்கும் காணாது. மிச்சத்துக்கு வீட்டை அடகு வைப்பது, இ.பி.எஃப். என்கிற ஓய்வுக்கால வைப்புநிதியில் கை வைப்பது, சித்தப்பாவிடம் வாங்குவது. படித்து முடித்தால் அரசாங்க வேலை நிச்சயம் என்று சித்தப்பா சொல்வது பழைய கணக்கு. 2016 டிசம்பரிலிருந்து புதிய பயிற்சி மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலையில் அந்த ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுக்க வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நான் மருத்துவப் படிப்புக்கு எதிரி இல்லை. ஆசைப்படுகிற பிள்ளை, தாங்குகிற பணம் இரண்டும் இருந்தால் தாராளமாகப் போகலாம். இந்த வீட்டில் பணம் தாங்காது, பிள்ளைக்கு ஆசை உண்டா என்பதை இனிதான் கேட்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டை அடகு வைக்காதீர்கள் அண்ணே என்று சொல்லிவிட்டேன். அதில் பேரம் கிடையாது.

அப்புறம் மகளிடம் தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றேன். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் எழுந்து போனார்கள்.

டாக்டர் ஆசை உண்டா என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேறு என்ன பிடிக்கும்? "ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்து, ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியுற நேரம் இருக்கே சார், அது பிடிக்கும்." சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஆனா வீட்டுல மட்டும் வேணாம் சார். வீட்டுல நான் தங்கச்சியா மட்டும் இருக்கணும்."

இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த இரண்டு வரிக்காகத்தான்.

அவள் பிடிக்கும் என்று சொன்ன காரியத்துக்குப் பெயர் சைகைமொழிபெயர்ப்பு. தொலைக்காட்சிச் செய்தியில் மூலையில் ஒரு சிறு கட்டத்துக்குள் நின்று கை அசைப்பவரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது ஒரு தொழில் என்று நம் வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. பரிதாபப்பட்டுச் செய்யும் சேவை என்றுதான் நினைப்பு. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே 'பஹாசா இஷாரத் மலேசியா'வைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சுருக்கமாகப் பிம் என்பார்கள். மொழி என்று வந்துவிட்டால் அதற்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும்தானே. நீதிமன்றம், போலீஸ் நிலையம், மருத்துவமனை, பல்கலைக்கழக விரிவுரை, வேலை நேர்காணல், கல்யாணப் பதிவு, எங்கேயும்.

அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியுமே, இனி என்ன படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அவளுக்குத் தெரிந்தது அண்ணன் பினாங்கு விடுதிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் கற்றுக்கொடுத்தது. பினாங்கில் காது கேளாதோருக்கான பள்ளி 1954-இல் தொடங்கியபோது வாயசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதுதான் முறை. பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் ஒரு சைகைமொழியையே உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்குச் சைகைமொழி என்று அதற்குப் பெயரே உண்டு. 1976-இல் அமெரிக்காவில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து பிரான்சிஸ் பார்சன்ஸ் என்ற பேராசிரியை வந்தார். அவர் வழியாக அமெரிக்கச் சைகைமொழியின் சாயல் இங்கே ஏறியது. இன்னொரு பக்கம் மலாய் வாக்கியத்தை அச்சு மாறாமல் கைக்குக் கொண்டுவரும் 'கோட் தாங்கான்' முறை பள்ளிகளில் இருக்கிறது. 'மெம்பாச்சா' (வாசிப்பது) என்றால் 'மெம்' என்ற முன்னொட்டுக்கு ஒரு சைகை, 'பாச்சா'வுக்கு ஒரு சைகை. எழுத்து மலாய் படிக்க அது உதவும், மூச்சுவிடாமல் அரட்டை அடிக்க உதவாது. பிம்மின் போக்கே வேறு. அதன் இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது. புருவம், கன்னம், தலையசைப்பு, காற்றில் இந்த ஆளை இங்கே வைத்தேன், அந்த ஆளை அங்கே வைத்தேன் என்று இடம் ஒதுக்கிப் பேசுவது. தங்கச்சியின் கையில் இவை எல்லாம் வீட்டுச் சைகையோடு கலந்து கிடக்கின்றன. அண்ணனுக்குப் புரியும், மற்றவருக்குப் பாதிதான் புரியும்.

அதனால் முதல் படி, காது கேளாத பெரியவர்களிடமே போய்ப் படிப்பது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒய்.எம்.சி.ஏ. நெடுங்காலமாகப் பிம் வகுப்பு நடத்துகிறது. காது கேளாதோர் சம்மேளனமும் மாநிலச் சங்கங்களும் நடத்துகின்றன. அடிப்படை, இடைநிலை என்று படிப்படியாகப் போகும். ஒரு படிக்குச் சில நூறு ரிங்கிட், அவ்வளவுதான். சுங்கை சிப்புட்டில் நிற்கும் இ.டி.எஸ். ரயிலைப் பிடித்தால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். வகுப்பில் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். முதல் நாள் தலைவலிக்கும், கண்தான் காதாக வேலை செய்கிறது இல்லையா.

இரண்டாவது படி கடினம். இதைத் தொழிலாகச் செய்கிறவர், 'அவர் சொல்கிறார்' என்று மூன்றாம் ஆளாகப் பேச மாட்டார். காது கேளாதவர் "எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றால், மொழிபெயர்ப்பவரும் "எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பேசுகிறவர் பக்கத்தில், காது கேளாதவருக்கு எதிரே உட்கார வேண்டும். கை தெளிவாகத் தெரிய, தோல் நிறத்துக்கு மாறான ஒரே வண்ணச் சட்டை. பூப்போட்ட பிளவுஸ் கூடாது. நீண்ட கூட்டம் என்றால் இரண்டு பேர் வேண்டும், இருபது நிமிடம் போல மாற்றி மாற்றி. அதற்குமேல் மூளை களைத்துக் கையில் பிழை வரும். கேட்டது எதையும் வெளியே பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வசவாக இருந்தாலும் சரி, கெட்ட செய்தியாக இருந்தாலும் சரி.

மழை வருது என்று தங்கச்சி சொன்னாளே, அங்கேதான் அவள் முதலில் தேற வேண்டும். அன்பால் சொன்ன பொய்தான், எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அதே அன்பு மருத்துவமனையில் புற்றுநோய் என்பதைக் கட்டி என்று மாற்றிவிடும். வீட்டு ஆளை மொழிபெயர்க்க உட்கார வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இனி அவளிடம் மட்டும் இருக்கிற ஒரு சொத்தைச் சொல்கிறேன். பிம் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும்தான் நடக்கும். டாக்டர் மலாயில் சொல்கிறார், பையனுக்குக் கையில் போகிறது. கட்டில் ஓரத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியே வயதான பாட்டி நிற்கிறார், அவருக்குத் தமிழ் மட்டும்தான். அந்த அறையில் முடிவெடுக்க வேண்டியவரே அவர்தான், அவருக்குத்தான் ஒன்றும் போய்ச் சேருவதில்லை. பிம், மலாய், தமிழ் மூன்றிலும் ஓடக்கூடிய ஆள் கிடைப்பது அரிது. தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய்ப் பள்ளியில் எஸ்.பி.எம். எழுதி, காது கேளாத அண்ணனோடு வளர்ந்த பிள்ளையிடம் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. இதைச் சித்தப்பா எந்தக் கல்லூரியில் பணம் கட்டி வாங்கித் தருவார்?

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை பெரும்பாலும் கூப்பிட்டபோது போய்ச் செய்வது, மணிக்கணக்குக் கூலி. மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் எடுக்க முடியாது. அதனால் தனியாக ஒரு காலூன்ற வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் சிறப்புக் கல்விக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். கட்டணம் இல்லை, மாதாமாதம் சிறு உதவித்தொகையும் உண்டு. கிடைக்காவிட்டால் பக்கத்துப் பள்ளியிலேயே ஆறாம் படிவம். பிம் சனி, ஞாயிறுகளில். ஆறு மாதம் போய்ப் பார்த்துவிட்டு இது எனக்கு ஒத்துவரவில்லை என்று அவள் சொன்னாலும் சரி. அண்ணனுக்காக இதை எடுக்கிறாள் என்று தெரிந்தால் நானே தடுப்பேன்.

பெற்றோரைத் திரும்பக் கூப்பிட்டேன். இவனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பதில் அவர்களிடம்தான் இருந்தது. மகன் தானே சம்பாதிக்கிறான், ஈப்போவில் தனியாக அறை எடுத்துத் தங்குகிறான். அவனை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம், அவனோடு பேசினால் போதும். இருபது வருடத்தில் எத்தனை சைகை கற்றுக்கொண்டீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். சாப்பாடு, தூக்கம், வா, போ, குளி. விரலில் எண்ணி நிறுத்திக்கொண்டார்.

"வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவான் சார்" என்றார் அப்பா.

சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஒரு சொல் சொல்லிக் காட்டினேன். அவர் "பணம்" என்றார். நான் சொன்னது "மனம்". ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ண, ன, ட, ள எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்துவிடும், வெளியே தெரியாது. அவன் பாதியைப் பார்க்கிறான், மீதியை ஊகிக்கிறான். நாள் முழுக்க அப்படி ஊகித்துவிட்டு வருகிறவன் வீட்டுக்கு வந்ததும் போனைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால், பேச மாட்டேங்கிறான் என்று நாம் குறைப்படுகிறோம்.

கத்த வேண்டாம், கத்தினால் உதடு கோணும். முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேசுங்கள், ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அல்ல. கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுங்கள், அல்லது விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர். பேச்சை எழுத்தாக்கும் செயலி கைவசம் இருக்கட்டும். நம்முடைய தமிழும் மலாயும் கலந்த பேச்சில் அது தடுமாறும், அப்போது தட்டச்சு செய்துவிடுங்கள். அவன் என்ன என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல, அப்புறம் சொல்றேன்" என்ற பதில் மட்டும் கூடாது. அந்த ஒண்ணும் இல்லையைக் கேட்டுத்தான் அவன் 22 வயதுவரை வளர்ந்திருக்கிறான். அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று சைகை, மகனிடமே கேட்டுப் படியுங்கள். மகளிடம் கேட்கக் கூடாது. அது என் நிபந்தனை.

இவ்வளவையும் தங்கச்சி அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள், இந்த முறை ஒன்றையும் விடாமல் என்று நினைக்கிறேன். அவன் சிரித்தபடி அப்பாவின் வாயைச் சுட்டி ஏதோ காட்டினான்.

"வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசினா எனக்கு ஒண்ணுமே புரியாது, அந்த மீசையும் உதட்டை மறைக்குதுன்னு சொல்றான்" என்றாள் தங்கச்சி.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "வெத்தலையை விட்டுடறேன் சார். மீசையையுமா?"

கொஞ்சம் கத்தரித்தால் போதும் என்றேன்.