வரியைக் குறைத்தால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும்?

காரைக்குடியில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வரி விகிதம் ஏறினால் வசூலும் ஏறும் என்று நம்பிவிட முடியாது. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிஞ்சும் என்றால் யார் உண்மைக் கணக்கைக் காட்டுவார்? இத்தகைய விகிதம் வரி ஏய்ப்பை வளர்க்கிறது என்று, நேரடி வரிகளை ஆராய மத்திய அரசு அமைத்த வாஞ்சு குழு 1971இலேயே சொல்லி, குறைக்கப் பரிந்துரைத்தது. பிறகு படிப்படியாக இறங்கியது. 1997இல் 40இலிருந்து 30 சதவீதமாக்கியவர் எங்கள் கண்டனூரைச் சேர்ந்த ப. சிதம்பரம்.

ஆனால் விகிதத்தைவிடச் சிக்கல்தான் சிறு வியாபாரியைக் கொல்கிறது. 2025 செப்டம்பர் 22க்கு முன்பு, தேன்குழலைத் தகர டின்னிலிருந்து நிறுத்துக் கொடுத்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதையே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டினால் 12 சதவீதம். ஒரே மாவு, ஒரே எண்ணெய். ஊர்ப் பலகாரத்துக்குப் பெயர் வாங்கித் தர முயல்கிறவருக்கு இது தண்டனை இல்லையா? இப்போது இரண்டுக்கும் 5தான். ஜிஎஸ்டி வந்த 2017இலேயே செய்திருக்க வேண்டியது.

எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கோயில்களில் புள்ளி வரி உண்டு. மணமான தம்பதி ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று நிர்ணயிப்பார்கள். ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே தொகை என்பது நாட்டுக்குப் பொருந்தாது, அதை நான் கேட்கவும் இல்லை. தன் வரியைத் தானே கணக்கிட முடிகிற அந்தத் தெளிவைத்தான் கேட்கிறேன்.

இனிச் செலவு. 2025-26 மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பழைய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நீங்கள் கேட்கும் பள்ளிக்கூடப் பணம் அங்கேதான் போகிறது. வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த செட்டிநாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கடன் வாங்கிக்கொண்டே வரியைக் குறைத்தால், அந்த வரியை நம் பிள்ளைகள் தலையில் கட்டுகிறோம்.

ஆகவே வரிக்குறைப்போடு கடனுக்கும் வரம்பு வேண்டும். அறிவிக்கும் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் பணம் எங்கிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு என்று அரசு எழுதட்டும். கடனில்தான் நடத்தப் போகிறார்கள் என்றால் அதற்கு ஆகும் வட்டியையும் அங்கேயே எழுதட்டும்.