பழைய பக்கியும் ஆட்டோ கியர்பாக்ஸும்: வாசகர் கேள்விகள்

மெரபாங்க் வாசகர்: 4 கியர் ஆட்டோ டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி). ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது எஞ்சின் இரைகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸ் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக், அதாவது பெட்டியின் எண்ணெய் அளவைக் காட்டும் கம்பி. வண்டியை அரை மணி ஓட்டிச் சூடேற்றிச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லாக் கியருக்கும் கொண்டுபோய், 'பி'-க்கு (பார்க்) திரும்பி வந்தபின் உருவிப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும். பாரம் கூடுகிற ஏற்றத்தில்தான் அது முதலில் தெரியும்.

அளவு சரியென்றால் இரண்டு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு முகருங்கள். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான சம்பைக் கழற்றுங்கள். உள்ளே காந்தங்கள் இருக்கும். அதன்மேல் படிந்ததை விரலால் எடுத்துத் தேயுங்கள். வெண்ணெய் போல் வழுக்குகிற சாம்பல் நிறக் களிம்பு இயல்பான தேய்மானம். நெருடுகிற இரும்புத் துகளோ, வெயிலில் மின்னுகிற பித்தளைப் பொடியோ, கறுப்புச் செதிலோ இருந்தால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். வெறும் களிம்புதான் என்றால் எண்ணெய், ஃபில்ட்டர், சொலினாய்டு (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) மூன்றையும் பார்த்து முடியுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து பெட்டிக்குக் கேபிள் போகிற மாடல்களில், அது தளர்ந்திருந்தாலும் அழுத்தம் குறைந்து இதே கோளாறு வரும்.

சம்ப் போல்ட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் முறுக்கினால் விளிம்பு வளைந்து எண்ணெய் கசியும்.

ஃபீனிக்ஸ் வாசகர்: ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டி கிடைக்கிறது. வாங்கும்போது எதைப் பொருத்திப் பார்க்க வேண்டும்?

டொயோட்டா என்றால் வண்டியின் அடையாளத் தகட்டில் 'ட்ரான்ஸ்/ஆக்சில்' என்ற வரியில் பெட்டியின் குறியீடு இருக்கும். அது ஒத்துப்போக வேண்டும். டூ-வீல் டிரைவா ஃபோர்-வீல் டிரைவா என்பதைப் பொறுத்துப் பின்பகுதி மாறும். வயர் கனெக்டரின் பின்களை எண்ணுங்கள், ஸ்பீடு சென்சார் இருக்கும் இடத்தையும் பாருங்கள்.

டீசல் வண்டிக்குப் பெட்ரோல் பெட்டி வேண்டவே வேண்டாம். போல்ட் ஓட்டைகள் பொருந்தினாலும், எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வேறு, கியர் மாறும் அமைப்பும் வேறு. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வேகமாகச் சுற்றாது என்பதால் கியர் தாமதமாக மாறி வண்டி இழுபடும். காசு கொடுக்கும் முன் சம்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: வேறு பெட்டி மாட்டி இரண்டு வாரம்தான் ஆகிறது. மறுபடியும் வழுக்குகிறது. பெட்டியே மோசமா?

பெட்டியைக் குறை சொல்லும் முன், அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரைப் பாருங்கள். செத்த பெட்டியின் துகள்கள் கூலரிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். புதுப் பெட்டி மாட்டியதும் அத்தனையும் அதற்குள் போய் வால்வுகளை அடைக்கும். குழாய்களை இருபக்கமும் கழுவி, காற்றடித்துக் காயவைக்க வேண்டும். பழைய பெட்டி இரும்பைக் கக்கியிருந்தால் கூலரைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். மாட்டிய பிறகு கூலரிலிருந்து பெட்டிக்குத் திரும்பி வரும் குழாயை வாளியில் விட்டு, ஐடிலில் 30 வினாடி மட்டும் ஓட்டுங்கள். ஏறக்குறைய ஒரு லிட்டராவது வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. வெளியேறிய அளவுக்கு எண்ணெயை உடனே ஊற்றிவிடுங்கள்.

முதல் நாளிலிருந்தே விசில் போல ஊளைச் சத்தம் கேட்டதா? அப்படியானால் டார்க் கன்வர்ட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெட்டி மாற்றுவதில் மிக அதிகம் சொதப்புகிற இடம் இது. கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி, பெட்டியில் வைத்து, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், பம்ப் மூன்றிலும் தனித்தனியாகக் கோத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் 'டொக்'கென்று ஒரு படி இறங்குவதைக் கை உணரும். இரண்டாவது படியோடு நின்றுவிட்டால், பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி நிற்கும். அதைப் போல்ட் முறுக்கி இழுத்து மூடினால் பம்ப் அங்கேயே உடைந்தது. பெட்டி கையாலேயே எஞ்சினோடு ஒட்டி உட்கார வேண்டும், உள்ளே கன்வர்ட்டர் தடையில்லாமல் சுழல வேண்டும். எஞ்சினோடு சுழலும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் விலகல் இருக்கும். அந்த விலகலைத்தான் கன்வர்ட்டர் போல்ட் இழுத்து மூடும். எஞ்சின் பிளாக்கிலுள்ள இரண்டு டவல் பின்களும் (பெட்டியை மையத்தில் உட்கார வைக்கும் முளைகள்) இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாவிட்டால் பெட்டி மையம் தவறி முன் சீல் சீக்கிரம் கசியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: டிப்ஸ்டிக்கில் எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது.

வண்டியை இப்போதே நிறுத்துங்கள். டவுன் ஹில் ஏற்றம் வரைகூட ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் விரிசல்விட்டு, கூலன்ட் எண்ணெயோடு கலந்திருக்கிறது. கிளட்ச் தட்டின் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசை கூலன்ட்டில் ஊறிக் கழன்றுவிடும். ரேடியேட்டரை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் அதுவும் போகும். ரேடியேட்டரின் உள் கூலரை விட்டுவிட்டுத் தனிக் கூலர் வைப்பது எங்கள் பரிந்துரை.

வெருலம் வாசகர்: எந்த எண்ணெய், எத்தனை லிட்டர்?

பழைய டொயோட்டா 4 கியர் பெட்டிக்கு ஆண்டைப் பொறுத்து டெக்ஸ்ரான் 3 அல்லது டைப் டி-4. பெரும்பாலும் டிப்ஸ்டிக்கிலேயே எழுதியிருக்கும். சம்பை வடித்தால் வருவது 2 லிட்டர் வாக்கில்தான், மீதி கன்வர்ட்டரில் நிற்கும். புதுப் பெட்டி என்றால் முதலில் 4 லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து அரை அரை லிட்டராகச் சேருங்கள்.

பலர் கேட்டது: கேரன்டி உண்டா?

உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (எண் 68), பிரிவு 57-இன்படி, பழுதுபார்ப்பில் மாட்டிய புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. அதே சட்டத்தின் பிரிவு 67-இன்படி, கழற்றிய பழைய பாகங்கள் உங்களுக்கே சேர வேண்டும். பழைய பெட்டியை வாங்காமல் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பாதீர்கள். அதன் சம்பில் கிடக்கும் துகள்தான் எது கெட்டது என்று சொல்லும்.