போனுக்கு எதைச் சேர்ப்பது, எதை விடுவது? மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கைத்தொலைபேசியைப் பற்றியவை. எந்தப் புதிய போனை வாங்கலாம் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. கையிலிருக்கும் போனுக்கு என்ன வாங்கினால் பயன்படும், எந்தச் செயலியை நம்பலாம் என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கிய போன் மழையிலும் இருட்டிலும் கைகொடுக்க வேண்டும் என்பதே எனது அக்கறையும் ஆகையால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி): காற்றும் மழையும் தொடங்கினால் எங்கள் தோட்டத்தில் கரண்ட் போய்விடும். மரம் விழுந்தால் மறுநாளும் வராது. டவுன் கடையில் 50,000 என்று எழுதிய, மேலே சோலார் தகடு பதித்த பவர் பேங்க் ஒன்றை 2,900 ரூபாவுக்குக் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அதில் எழுதியிருக்கும் எண் உண்மையாக இருக்க முடியாது என்பதைப் பெட்டியைப் பிரிக்காமலே, பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசைக் கொண்டே நீங்கள் தெரிந்துகொள்ளலாம். பவர் பேங்கினுள் இருப்பவை லித்தியம் பெட்டரிக் கலங்கள். சிறிய டோர்ச்சில் போடும் பெட்டரியைவிடச் சற்றுப் பெரிதான உருளைக் கலம் ஒன்று, நல்ல தரமானதாக இருந்தால், ஏறக்குறைய 3,500 மில்லி அம்பியர் மணி மின்னைத் தாங்கும் (பவர் பேங்கில் எழுதும் எண் இந்த அளவைத்தான் குறிக்கிறது). அதன் நிறை சுமார் 45 கிராம். 50,000 வேண்டுமென்றால் இப்படிப்பட்ட கலங்கள் 15 தேவைப்படும் என்பதால், வெளிக்கூட்டைச் சேர்க்காமலே நிறை 650 கிராமைத் தாண்டிவிடும். தராசில் 200 கிராம், 250 கிராம் என்று காட்டினால் உள்ளே இருப்பது அதிகம் போனால் 10,000தான். பாரமாக இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். மணலை அடைத்துப் பாரம் கூட்டிய போலிகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன.

நேர்மையான தயாரிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். நான் இதை எழுதும் மேசையில் கிடக்கும் பவர் பேங்கின் முன்புறம் 10,000 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். பின்புறத்தில், மூக்குக் கண்ணாடி இல்லாமல் எனக்கு வாசிக்க முடியாத பொடி எழுத்தில், 5 வோல்ட்டில் 6,000 என்று இருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உள்ளிருக்கும் கலம் 3.7 வோல்ட்டில் மின்னை வைத்திருக்கிறது. அதை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளியே தரும்போது எண் குறைகிறது, கொஞ்சம் சூடாகவும் வீணாகிறது. 5,000 பெட்டரி உள்ள போனை இது ஒரு முறை முழுதாகவும் மறுமுறை ஏறக்குறையப் பாதியளவும் நிரப்பும். ஆகவே வாங்கும்போது பின்புறத்துப் பொடி எழுத்தைத் தேடுங்கள். அந்த இரண்டாவது எண் இல்லாத பவர் பேங்கை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

சோலார் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவான அந்தத் தகடு உச்சி வெயிலிலும் ஒன்று, ஒன்றரை வாட் அளவே தரும். 10,000 பவர் பேங்கில் அடங்குவது 37 வாட் மணி என்பதால், அதை வெயிலில் மட்டும் நிரப்ப 25 மணித்தியாலத்துக்கு மேல் நேர் வெயில் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியாவில் அத்தனை வெயிலுக்கு எங்கே போவது?

எனது யோசனை இதுதான்: இரண்டு போன் உள்ள வீட்டுக்கு 10,000, நான்கு பேர் பாவிக்கும் வீட்டுக்கு 20,000, உத்தரவாதமும் பற்றுச்சீட்டும் தரும் கடை, கூடவே ஒரு நல்ல கேபிள். கேபிளில் நானே ஏமாந்திருக்கிறேன். பேருந்து நிலையத்துக்கு அருகே மூன்று மீற்றர் கேபிள் ஒன்றை மலிவாக வாங்கினேன். இரவு முழுக்கச் செருகியிருந்தும் விடியும்போது போனில் 60 வீதத்தைத் தாண்டியிருக்கவில்லை. உள்ளிருக்கும் செப்புக் கம்பி மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால் மின் வழியிலேயே வீணாகிவிடுகிறது. ஒரு மீற்றர் போதும்.

இன்னொரு பொருளையும் சேர்த்து வாங்குங்கள், விலை மிகக் குறைவு: வயர் உள்ள சாதாரண இயர்போன். பல சாதாரண போன்களில் எஃப்.எம். வானொலி இருக்கிறது, இயர்போனின் வயரே அதற்கு அன்டெனா. அதற்கு டேட்டாவும் வேண்டாம், ரீலோட்டும் வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையின்போது மலைநாட்டின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் சேர்ந்தே அறுந்தன. அப்படியான இரவில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வானொலி வழியாக வந்தால் அதைக் கேட்க ஒரு வழி வீட்டில் இருக்க வேண்டும். பெட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக எல்லாப் போன்களையும் நிறுத்திவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் ஒரு போனாவது திறந்திருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இரண்டையும் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவையிலிருந்து ஓர் ஆசிரியர்): வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். திருவிழாக் கடையில் போனின் பின்புறம் ஒட்டும் தங்கநிற ஸ்டிக்கரை விற்கிறார்கள். இணையத்தில் சிக்னல் பூஸ்டரும் கிடைக்கிறது. எது நல்லது?

பதில்: இரண்டுமே வேண்டாம் ஐயா. ஸ்டிக்கருக்கு மின் வழங்கலும் இல்லை, போனின் அன்டெனாவோடு தொடர்பும் இல்லை. அது செய்யக்கூடிய ஒரே வேலை, ஒட்டிய இடத்தில் அழகாகத் தெரிவதுதான். பூஸ்டர் கருவியின் கதை வேறு. அது சிக்னலைப் பெருக்கும், ஆனால் அனுமதியில்லாமல் பொருத்தினால் அந்தக் கோபுரத்தைப் பாவிக்கும் மற்றவர்களின் அழைப்புகளையும் குழப்பிவிடும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி அதை வைத்திருப்பது உங்களுக்குத்தான் சிக்கல்.

மலைப் பிரதேசத்தில் சிக்னல் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் நிற்கும் மலை. ஒரு நிறுவனத்தின் கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் இன்னொன்றின் கோபுரம் இந்தப் பக்கம் இருக்கலாம். ஆகவே முதலில் அயல் வீட்டாரிடம் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் போனில் போட்டு, சமையலறை, முன் வாசல், ஜன்னலோரம் என்று மூன்று இடத்தில் பேசிப் பாருங்கள். நன்றாகக் கேட்டால் அதே நிறுவனத்தின் சிம்மை இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு ஸ்டிக்கரைவிட அதிகமாக இருக்கப்போவதில்லை. வீட்டில் வைஃபை இருந்தால், போனின் அமைப்புகளில் வைஃபை வழியாக அழைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நிறுவனமும் அதை வழங்குமானால் சிக்னல் இல்லாமலே சாதாரண அழைப்பை எடுக்கலாம். வெளியூர்ப் பயணத்துக்கு முன்னர் கூகுள் மெப்பில் அந்தப் பகுதியின் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத வளைவுகளிலும் வழி தெரியும்.

கேள்வி (லிந்துலையிலிருந்து ஒரு தாய்): அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் சிங்களத்தில் இருக்கின்றன. மகன் கொழும்பில். செயலி ஏதும் உதவுமா?

பதில்: உதவும் அம்மா, ஓரளவுக்கு. கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் சிங்களமும் தமிழும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. கடிதம் எதைப் பற்றியது, எந்தத் திகதிக்குள் பதில் போட வேண்டும் என்பதை அதன் மூலம் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். ஆனால் காணி, ஓய்வூதியம், வழக்கு போன்ற விடயங்களில் அதன் தமிழை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு எதிர்மறைச் சொல்லை அது தவறவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். அப்படியான கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, அவர் வாசித்துச் சொல்லும் வரை காத்திருப்பதே நல்லது. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுத அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தருகிறது. பதிலையும் தமிழில் கேளுங்கள். தட்டச்சு சிரமமென்றால் கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகிவிடும். விசைகளைத் தட்டியே எழுத விரும்பினால் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி கைக்கு இதமானது.

கேள்வி (புசல்லாவையிலிருந்து ஓர் இளைஞர்): டுபாயிலிருந்து வந்த ஒருவர் பாவித்த போனை விற்கிறார். பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பணத்தை எண்ணுவதற்கு முன்னர் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். போனில் *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு போனையும் தனித்தனியே அடையாளம் காட்டும், 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் தோன்றும். குறுஞ்செய்தியில் ஐ.எம்.ஈ.ஐ. என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909க்கு அனுப்புங்கள். பதிவானதா, இல்லையா என்று பதில் வரும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போன் இங்கே பதிவில் இல்லாமல் இருக்கக்கூடும். அப்படியானால் அதை இங்கே பாவிப்பது பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே விலை பேசுங்கள். அடுத்து, விற்பவர் தமது கூகுள் கணக்கை உங்கள் முன்னிலையில் நீக்கி, போனை முழுமையாக அழித்துத் தரட்டும். மீண்டும் இயக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அந்தப் போன் உங்களுக்கு உதவாது. மூன்றாவதாக, சார்ஜரைச் செருகி, அழைப்பு எடுத்து, கெமராவையும் இரண்டு சிம்மையும் சோதியுங்கள்.

தனி ஆளிடம் வாங்கினால் பிறகு முறையிட இடமில்லை என்பதையும் மனதில் வையுங்கள். கடையில் வாங்கியிருந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போகலாம். தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடக்கூடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் அதைப் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி (பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி): ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலி, போனிலுள்ள எல்லா இலக்கங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே வேண்டாம். ஒருவருக்குக் கடன் கொடுக்க அவருடைய சித்தியின் இலக்கமும் தலைமை ஆசிரியரின் இலக்கமும் எதற்கு? தவணை ஒரு நாள் பிந்தினால் அவர்களுக்கெல்லாம் அழைத்து உங்களை அவமானப்படுத்துவதற்குத்தான். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் செயலிக் கோப்பைத் திறப்பதும், வங்கி அனுப்பிய ஓ.டி.பி. எனும் ஒரு முறை மட்டும் செல்லும் இரகசிய எண்ணை அழைப்பில் சொல்வதும் இதே அளவு ஆபத்து. ஏற்கனவே பதிவிறக்கியிருந்தால் அமைப்புகளில் அதன் அனுமதிகளை ரத்துச் செய்து செயலியை நீக்குங்கள். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கு அழைத்துவிட்டு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அறிவியுங்கள்.

கேள்வி (வட்டவளையிலிருந்து ஒரு கொழுந்து பறிக்கும் பெண்): மழையில் நனைந்த போனைச் செருகினால் ஈரம் என்று காட்டுகிறது. அரிசிக்குள் போட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் ஊர்களில் உங்களுடையதும் ஒன்று என்பதால் இந்தக் கேள்வி இன்னும் பலருக்கும் பயன்படும். அரிசியில் போடாதீர்கள், அரிசித் தூள் சார்ஜர் செருகும் துளைக்குள் போய்க் கெடுதல் செய்யும் என்று அப்பிள் நிறுவனமே 2024இல் எச்சரித்திருக்கிறது. துளை கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், ஊசியாலோ பஞ்சாலோ குத்தவும் வேண்டாம். அரை மணித்தியாலம் கழித்துச் செருகிப் பாருங்கள். மீண்டும் ஈரம் என்று காட்டினால் ஒரு நாள் வரை பொறுத்திருங்கள். மலைக்குப் போகும்போது அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பை ஒன்றில் போனைப் போட்டு, படங்குக்கு உள்ளே, இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். பையின் மேலாகவே திரையைத் தொட்டுப் பேசலாம்; வாய் கிழிந்த பையை மட்டும் அன்றன்றே மாற்றிவிடுங்கள்.